இளைத்தல் அழகாமோ?

விடுமுறைக்கு ஊர் திரும்புவோரை "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?" என வினவுவதே நம்மவரின் அன்பு விசாரணை. பூசினாற்போன்ற உடலே அன்று அழகு. இன்றோ, "இளைத்திருக்கிறாயே!" என்பது பாராட்டாகிவிட்டது. இரண்டும் பிறர் உடலை நாவினால் நிறுப்பவையே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியது அட்டப்பாடி. அங்கு 2013ஆம் ஆண்டு இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் பச்சிளங்குழந்தைகள் பலர் மாண்டனர். தாய்மாரின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் பெருங்காரணங்கள் எனக் கண்டனர். அங்கே மெலிவு வறுமையின் வடு. அதே கேரளத்தில், பருத்துவிடுவோமென அஞ்சி உணவை ஒறுத்த 18 வயது மாணவி ஒருத்தி 2025 மார்ச்சில் உயிர் நீத்ததாகச் செய்தித்தாள்களில் படித்தோம். மருத்துவர் இதனைப் பசியின்மை நோய் என்பர். பெயர் பொருந்தவில்லை, பசி இருந்தும் அதனை அடக்கி அடக்கி உடலைத் தேய்ப்பதன்றோ இந்நோய்! இடுக்கியின் மூணாற்றுச் சரிவுகளில் நாளெல்லாம் கொழுந்து பறிக்கும் நம் பெண்டிரிடம், அழகுக்காக உணவைக் குறையுங்கள் என எவரேனும் சொல்வரோ?

சென்ற ஆண்டு பாலக்காட்டு இரயிலடியில் இறங்கிய நம் மகளிடம், "இளைத்து அழகாகிவிட்டாய்" என்றார் உறவினர் ஒருவர். அவர் அன்பாகவே சொன்னார். அன்றிரவு அவள் சோற்றைத் தொடவில்லை.