எழுத்துக்கு முன்னே

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நம் சங்கத்துப் பாலர் வகுப்பை 32 ஆண்டுகளாக நடத்திவரும் ஆசிரியை அம்மையார் வரும் ஏப்ரல் மாதத்தில் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம்மைப் பணித்தனர். நாம் ரயில்வேயில் குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும், நம் மக்களை அம்மையாரிடம் ஒப்படைத்த பெற்றோர் என்னும் உரிமையால் பேசத் துணிந்தோம்.

கல்லூரிப் பேராசிரியரைப் பட்டதாரி மறப்பதில்லை. மூன்று வயதில் தன் மூக்கைத் துடைத்துவிட்டவர் யாரென்று எவரும் நினைவிற் கொள்வதில்லை. அவ்வகுப்புக்கு மதிப்பெண் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆதலால் அங்கே நடப்பது கல்வியன்று, வெறும் காவல் என்று பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை.

ஜெர்மனி தேசத்தில் பிரோபெல் என்னும் பெரியார் 1837-ஆம் ஆண்டில் ஒரு சிறுவர் நிலையத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், எனப் பெயரிட்டார். பந்தும் மரக்கட்டைகளுமே அங்குப் பாடநூல்கள். குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-இல் பாவநகரில் பாலமந்திரம் கண்டார். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். நாம் வாழும் இம்மராட்டிய மண்ணிலோ, தாராபாய் மோடக் அம்மையார் ஆதிவாசிக் குழந்தைகளின் வீட்டு முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றார். 'அங்கன்' என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் மத்திய அரசு 33 வட்டாரங்களில் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்கள் அங்கன்வாடி என்றே வழங்குகின்றன. மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள பருவமே அடிப்படை நிலை என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் வகுத்துள்ளது.

நிற்க. இவ்வுரைக்காக அம்மையாரைக் கண்டு, இத்தனை ஆண்டுகளில் கற்றது யாது எனக் கேட்டோம். அவர்கள் கூறியதாவது:

"பெற்றோர் மூன்றாம் மாதமே, 'பிள்ளை இன்னும் எழுதவில்லையே' என்பார்கள். விரலுக்கு வலு வந்த பிறகல்லவா பென்சில்? களிமண் பிசையவும், மணி கோக்கவும், புளியங்கொட்டை பொறுக்கவும் விடுகிறேன். அவையெல்லாம் எழுத்துக்கு முன்னே வரும் எழுத்து. ஒரு பெண் குழந்தை இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் இந்தி, தெருவில் மராத்தி. எந்தப் பேச்சைப் பேசுவதென்று அதற்குத் திகைப்பு. நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள், அழுத வேறொரு குழந்தையிடம் போய், 'அழாதே, அம்மா வருவாங்க' என்றது. அன்றைக்கு எனக்குக் கிடைத்ததே சம்பளம்."

ரயில் எத்திசை செல்லும் என்பதைத் தண்டவாளம் பிரியும் இடத்திலேயே பாயிண்டு தீர்மானிக்கிறது. அதை அமைத்தவரைப் பயணிகள் காண்பதில்லை. அம்மையாரின் தொண்டும் அத்தகையதே.

அன்பர்களே! ஒரு காலத்தில் நம் வகுப்பில் மூன்று பாய் விரித்தும் இடம் போதவில்லை. இவ்வாண்டு ஒரு பாய் போதுமாயிற்று. ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதை நாம் குறைகூறவில்லை. நம் பிள்ளைகளும் அங்கேதான் பயில்கின்றனர். ஆனால் தாய்மொழியில் அழவும் சிரிக்கவும் கதை கேட்கவும் ஓரிடம் இருந்தால்தான் பிறமொழிகளை அச்சமின்றிக் கற்க இயலும். பொன்னாடையும் பணமுடிப்பும் அளிக்க நிர்வாகக் குழு முடிவு செய்திருப்பதை அறிவித்தபோது அம்மையார் சொன்னது ஒன்றே: "எனக்கு ஒன்றும் வேண்டாம், அந்தப் பாயைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள்."

எனவே நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். ஏப்ரலுக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. நம் தாய்மார்களில் இருவர் நாளை முதலே காலை வேளைகளில் அம்மையாருடன் அமர்ந்து இப்பணியைப் பழகிக்கொள்ள முன்வர வேண்டும். அவர்கட்குரிய ஊதியத்தைச் சந்தாவுடன் சேர்த்து அளிப்பது நம் கடமை. பெயர் தர விரும்புவோர், கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் தெரிவிப்பார்களாக.

அம்மையார் நீடூழி வாழ்க! பாலர் வகுப்பு வளர்க!