ஏரியை ஆக்கிய கைகளும் நீரை ஆண்ட கைகளும்

 

"ஒருவரை ஒருவர் சார்ந்தே உலகம் நடக்கிறது" என்று செல்வர் ஏறும் மேடைகளில் அடிக்கடி சொல்லப்பெறுகிறது. நிலமுடையார் இன்றேல் கூலியாளுக்குச் சோறில்லை. கூலியாள் இன்றேல் நிலமுடையார்க்கு விளைவில்லை. ஆகவே இருவரும் நிகரானவர் என்பது அவ்வுரையின் முடிபு. கேட்பதற்கு இனிதாகத்தான் இருக்கிறது. ஆனால், சார்பு இருபக்கமும் இருப்பது வேறு; சார்பின் சுமை இருபக்கமும் ஒத்திருப்பது வேறு. ஆள் கிடைக்காமல் ஒரு போகம் நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் பெருநிலக்கிழார் வீட்டுக் குதிரில் நெல் இருக்கும். ஒரு கிழமை வேலையில்லையேல் நிலமற்றவர் அடுப்பில் பூனை உறங்கும்.

இவ் வேறுபாட்டைக் காண நெடுந்தொலைவு செல்லவேண்டா. பாகூர் ஏரிக்கரையில் நின்று பார்த்தாலே போதும்.

புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பேரேரி அது. சொர்ணாவூர் அணைக்கட்டில் தடுக்கப்பெறும் தென்பெண்ணையாற்று நீர், பங்காரு வாய்க்கால் வழியாக வந்து அதனை நிரப்புகிறது. அவ் வாய்க்காலை வெட்டுவித்தோர் சிங்காரி, பங்காரி என்னும் ஆடல்மகளிர் இருவர் என்பது அப்பகுதியில் வழிவழியாக வழங்கும் கதை. கதை மெய்யோ அன்றோ, அதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது: பொருள் கொடுத்தவர் பெயர் நின்றது, மண்ணை வெட்டிச் சுமந்தவர் பெயர் ஒன்றுகூட நிற்கவில்லை.

ஏரி ஒருமுறை வெட்டிவிட்டால் தானே நிற்பதன்று. கரை உடையாமலும் மதகு அடையாமலும் வரத்துக்கால் தூராமலும் ஆண்டுதோறும் ஊரே திரண்டு காக்கவேண்டும். இதனைக் 'குடிமராமத்து' என்பர். (மராமத்து என்னும் அயற்சொல் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. செயல் நம் முன்னோருடையது.) கரைக்கு மண் சுமந்தவருள் பலர் அவ் வேரியின்கீழ் ஒரு குழி நிலமும் இல்லாதவர். வயலுக்கு வயல் நீரைத் திருப்பிவிடும் பணியும் தமிழகத்துப் பல ஊர்களில் சேரியைச் சேர்ந்த நிலமற்றவரிடமே விடப்பட்டிருந்தது. ஏன்? தமக்கென நிலம் இல்லாதவர் ஓரவஞ்சனையின்றி நீர் பங்கிடுவார் என்பது நிலமுடையாரின் நம்பிக்கை. அவருடைய வறுமையே பிறர் வயலுக்குப் பிணையாயிற்று! அறுவடைக் களத்தில் சில மரக்கால் நெல் அவருக்கு அளக்கப்பட்டது. அவர் இல்லையேல் கடைமடை காயும் என்பதை ஊரார் அனைவரும் அறிவர். ஆயினும் ஊர்ப்பேச்சில் ஒருவர் 'ஆண்டை', மற்றவர் 'ஆள்'. 'படியாள்' என்னும் சொல்லோ படியால் அளந்து கூலி பெற்றதனால் வந்த பெயர். மாந்தனுக்கு முகத்தல் அளவையால் பெயரிட்ட குமுகாயம் இது!

இவ் வேற்றத்தாழ்வு நேற்று முளைத்ததன்று. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றதைத் தெரிவிக்கிறது. கல்விக்குக் கொடை என்றால் நெஞ்சு குளிரும். அங்குப் போற்றப்பெற்றது வடமொழிக் கல்வி என்பதையும் உடன் எண்ணிப் பார்க்கவேண்டும். அச் செப்பேட்டிலேயே அரச மரபின் புகழ் வடமொழியில் இருக்கிறது. ஊரெல்லைகள் தமிழில் இருக்கின்றன. உழுதவன் மொழி வரப்பைக் காட்டுவதற்குப் பயன்பட்டது. மூன்று ஊர் உழவர் விளைத்த நெல்லை உண்டு பயின்றவர் அவ் வுழவரின் மக்களல்லர்.

பின்னர்ப் பிரஞ்சியர் வந்தனர். இன்றளவும் புதுவை ஊர்ப்புற ஆட்சிப் பிரிவுக்குக் 'கொம்யூன்' என்றே பெயர். அப் பிரஞ்சுச் சொல்லுக்குப் 'பொது' என்பது பொருள். ஏரிகளைப் பேணுவதற்கு அவர்கள் காலத்தில் அமைந்த பணத்தொகுப்பும் 'கேசு கொம்யூன்', அஃதாவது பொதுப்பேழை, என்றே அழைக்கப்பட்டது. பெயர் பொது, பேச்சுரிமையோ நிலமுடையார்க்கு மட்டும்.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரையும் இங்கு நினைக்கலாம். அங்குப் பிரஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த வழக்கம், துணைநிலை ஆளுநர் காலத்திலும் தொடர்ந்தது. ஆள்வோரும் எளியோரும் ஒரே வடத்தைப் பற்றுவது அழகிய காட்சிதான். ஆனால் ஆள்வோர் கை தொட்டு மீண்ட பின்னர், தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் யார் என்பதை எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. சுற்றுச் சிற்றூர்களிலிருந்து புதுவை ஆலைகளுக்கு நடந்து சென்ற கைகளும் அத்தகையனவே. அக் கைகள் வேலையை நிறுத்தியபோதுதான் ஆலை யாரைச் சார்ந்திருந்தது என்பது விளங்கிற்று. 1936 சூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

சட்டம் பயன் தராது என்று சொல்லிவிட முடியாது. நிலக்கிழாரின் மண்ணில் குடிசை கட்டி வாழ்ந்தவர், கூலியை உயர்த்திக் கேட்டால் குடிசையையும் இழப்பார். அவர் வாயைக் கட்டியிருந்த கயிறு அதுவே. 1970இல் அவரை வெளியேற்றாமல் காக்கவும், 1973இல் குடியிருப்பு மனையை அவருக்கே உரிமையாக்கவும் புதுவையில் சட்டங்கள் இயற்றப்பெற்றன. கால்வைத்து நிற்கத் தன்மண் கிடைத்தபோது குரலும் சற்று உயர்ந்தது.

ஆயினும் அக்காலத்திலேயே வேறொரு மாற்றம் ஓசையின்றி நுழைந்தது. ஆழ்துளைக் கிணறுகளும் மின் நீரேற்றிகளும் பெருகின. வசதியுடையார்க்குத் தம் வயலிலேயே நீர் கிடைத்தது. ஏரி எதற்கு? மதகு எதற்கு? நீர் திருப்பும் ஆள் எதற்கு? ஊர் கூடிக் கரை கட்டுவது தளர்ந்தது, வரத்துக்கால்கள் தூர்ந்தன. ஏரியில் நீர் தேங்காமையால் நிலத்தடி நீர் இறங்கிற்று. பணமுடையார் மேலும் ஆழத் துளைத்தனர். ஒரு காணி உழவரின் கிணறு வற்றிற்று. அவர் அடுத்தவரிடம் நீரை விலைக்கு வாங்கவேண்டியவரானார். கடலை அடுத்த நிலங்களில் நீர் உவர்க்கத் தொடங்கியபோதுதான், உவர்நீருக்கு ஆண்டையும் ஆளும் ஒன்றே என்பது தெரிந்தது. எளியவர் கை தமக்கு இனித் தேவையில்லை என்று மேலோர் எண்ணிய நாளில் ஏரி சாகத் தொடங்கியது. இதுவன்றோ உண்மை வரலாறு!

1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு புதுவைப் பகுதி ஏரிகள் 84ஐப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கிற்று. அதன்வழி அமைந்த ஏரிக் கழகங்களில் நிலமற்றவரும் பெண்டிரும் உறுப்பினராகலாம் என்று விதிக்கப்பெற்றது. பொதுப்பேழை மூடி வைத்திருந்த கதவைத் திறந்தது அது ஒன்றே. ஆனால் பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றவர் எல்லாரும் பேசத் துணிந்துவிடுவதில்லை. காலையில் எவர் வயலில் நடவுக்குச் செல்லவேண்டுமோ, அவரை எதிர்த்து மாலையில் கையுயர்த்துவது எளிதன்று. நாற்று நடும் பெண்ணுக்கு ஆணினும் குறைந்த கூலி கொடுப்பவரே அக் கூட்டத்தின் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்.

ஏரி நீரில் மட்டும் விளைவதன்று வருவாய். மீன் உண்டு, கரையில் மரம் உண்டு, அள்ளும் வண்டல் உண்டு. நிலமற்றவர்க்கும் பங்குள்ளவை இவை. ஏரிக் கழகம் கூடும் ஊர்களில், மீன் குத்தகைப் பணம் எங்குச் சென்றது என்று நடவுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்கட்டும். அவளுக்குப் பக்கத்தில் படித்த இளைஞர் நால்வர் அமர்ந்திருக்கட்டும். அவள் கேட்ட கேள்வியும் அவள் பெயரும் கூட்டக் குறிப்பேட்டில் தமிழில் எழுதப்படுகின்றனவா என்று அவர்கள் பார்த்துவிட்டு எழட்டும்.