எதன் சதவீதம்?

கொத்மலைப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டங்களிலே, கணக்கென்பது கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே தொடங்கிவிடுகின்றது. கூடையின் நிறைக்குக் கழிப்பது எவ்வளவு, இலையின் ஈரத்துக்குக் கழிப்பது எவ்வளவு என்பதைத் தாய்மார் நன்கறிவர். அத்தாய்மாரின் பிள்ளைகளோ, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் கணித வினாத்தாளிலே சதவீதம் என்னுஞ் சொல்லைக் கண்டதும் மயங்குகின்றனர். கணிதம் அப்பரீட்சையிலே கட்டாய பாடம். அதிற் சித்தியெய்தாத பிள்ளைக்கு மேற்படிப்பின் வழி எளிதாக அமைவதில்லை. ஆதலின் இம்மயக்கத்தைச் சிறியதென்று தள்ளிவிட இயலாது.

மயக்கத்துக்குக் காரணம் பெருக்கலும் வகுத்தலும் அறியாமையன்று, ‘எதன் சதவீதம்?’ என்று கேளாமையே. நூற்றுக்கு இத்தனை என்றால், அந்த நூறாகக் கொள்ளப்பட்ட தொகை எது என்பது முதலில் தெளிவாதல் வேண்டும். அத்தொகை வினாவிலே தரப்படாதிருப்பின், அதற்கு ‘ய’ என்று ஒரு பெயரிட்டுக்கொள்வதே அட்சரகணிதம் செய்யும் உதவி.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இன்று அச்சட்டப்படி ஊழியரின் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 சதவீதம் கழிக்கப்படுகின்றது. தொழில்கொள்வோர் தம் பங்காகக் குறைந்தது 12 சதவீதம் செலுத்துகின்றனர். வேறு கழிவு எதுவுமின்றி, இந்த 8 சதவீதம் மட்டும் போக ஒருவர் கையிற் பெற்றது 23,000 ரூபா எனின், அவருடைய முழுச் சம்பளம் யாது?

மாணவர் பலர் 23,000 ரூபாவுக்கு 8 சதவீதம் கண்டு, வரும் 1,840 ரூபாவைக் கூட்டி, விடை 24,840 என்பர். இது தவறு. கழிவு முழுச் சம்பளத்தின்மீது செய்யப்பட்டதேயன்றிக் கையில் வந்த பணத்தின்மீது செய்யப்பட்டதன்று. முழுச் சம்பளத்தை ‘ய’ என்க. ‘ய’ இன் 92 சதவீதம் 23,000. எனவே ‘ய’ 25,000 ரூபா. அதன் 8 சதவீதமாகிய 2,000 ரூபாவைக் கழித்தால் 23,000 வருதலால் விடை சரியென்பது உறுதியாகின்றது.

இனித் தேயிலைத் தொழிற்சாலைக்குள் செல்லுவோம். 100 கிலோகிராம் பச்சைக் கொழுந்தில் 78 சதவீதம் நீர் உண்டு. உலர்த்தி முடித்த தேயிலையில் 3 சதவீதமே நீர் எஞ்சுகின்றது என்று கொள்க. கிடைக்கும் தேயிலை எவ்வளவு? எழுபத்தெட்டிலிருந்து மூன்றைக் கழித்து, 75 கிலோகிராம் நீர் நீங்கியது, 25 கிலோகிராம் தேயிலை எஞ்சியது என்பது அவசரக்காரரின் விடை. ஆனால் முதற் சதவீதம் கொழுந்தைச் சார்ந்தது. மற்றது தேயிலையைச் சார்ந்தது. வெவ்வேறு தொகைகளைச் சார்ந்த சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தல் ஆகாது. இத்தகைய வினாவில் மாறாத பொருள் எது என்று தேடவேண்டும். நீர் போகும், இலையின் உலர்பொருள் போகாது. அது 22 கிலோகிராம். தேயிலையின் நிறை ‘ய’ எனின், ‘ய’ இன் 97 சதவீதம் 22. விடை ஏறத்தாழ 22.7 கிலோகிராம்.

சம்பளப் பேச்சிலும் இதே கேள்வி பயன்படும். 2019 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவாயிற்று. உயர்வு 200 ரூபா. அது 40 சதவீதம். 2024 இல் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாவிலிருந்து 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. உயர்வு 350 ரூபா. அது 35 சதவீதமே. பணம் கூடியிருக்கச் சதவீதம் குறைந்ததேன்? அடியிலுள்ள தொகை பெரிதானமையாலே. சதவீதத்தை மட்டும் கேட்டு மகிழ்வதும் வருந்துவதும் பொருந்தா.

கொத்மலை நீர்த்தேக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். தேங்கிய நீர் 20 சதவீதம் குறைந்து, பின்னர் எஞ்சியதில் 20 சதவீதம் கூடினால், பழைய அளவு திரும்புமா? திரும்பாது. நூறு எண்பதாகும், எண்பதின் 20 சதவீதம் பதினாறு, ஆகத் தொண்ணூற்றாறே. நூறை மீண்டும் எட்டுவதற்கு 25 சதவீதம் கூடவேண்டும்.

பரீட்சை மண்டபத்தில் மாணவர் செய்யத்தக்கது இதுவே: வினாவை இருமுறை வாசித்தல், ஒவ்வொரு சதவீதத்தின் அருகிலும் அது எதனைச் சார்ந்தது என்று எழுதுதல், தெரியாததற்குப் பெயரிடுதல், வினாவின் வாக்கியத்தையே சமன்பாடாக்குதல், கிடைத்த விடையை வினாவிலிட்டுச் சோதித்தல். செய்கையைப் படிப்படியாகக் காட்டுதலும் வேண்டும். விடை பிழைப்பினும் முறைக்குரிய புள்ளி கிடைக்கும்.

நேயர்களே, பெற்றோரும் இதில் உதவலாம். அவர்கள் அட்சரகணிதம் கற்றிருக்கவேண்டுவதில்லை. மாத முடிவிலே சம்பளத் துண்டைப் பிள்ளையின் கையிற் கொடுத்து, அதிலுள்ள கழிவு எதன் சதவீதம் என்று கேட்டாற் போதும். பிள்ளைக்கு அது பரீட்சைப் பயிற்சி. வீட்டாருக்குத் தம் உழைப்பின் கணக்கைச் சரிபார்க்கும் வாய்ப்பு.