கூதிர்காலத்துப் பாய்வள்ளங்கள்

பண்டைத் தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப் பெயர் பெற்றன. மேல்நாட்டார் இலையுதிர்காலம் என்று வழங்கும் பருவமும் ஏறக்குறைய இதுவே. நுவரெலியாவில் மரங்கள் இலையுதிர்த்து வெறுமையாய் நிற்பதில்லை. ஆயினும், ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டமும், அதற்கென வந்து குவிந்த கூட்டமும் மறைந்து, பிற்பகல் இடியும் மழையும் மூடுபனியுமாக மலைநகரம் தன்னளவில் அடங்கியிருக்கும் காலம் இது. இதே காலத்தில் இங்கிலாந்து முதலிய நாடுகளின் ஏரிகளில் சனி, ஞாயிறு தோறும் சிறு பாய்வள்ளங்களின் பந்தயம் நடைபெறுகின்றது. கரையில் கைதட்டுவோர் இல்லை. பரிசும் பெரும்பாலும் ஒரு சிறு கிண்ணமே. அத்தகைய பந்தயத்தில் நாம் கற்கத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நம் ஏரியைப் பார்ப்போம். நுவரெலியாவின் கிரகரி வாவி இயற்கை தந்த ஏரியன்று. கடல்மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கு அதிகமான உயரத்தில், குன்றுகளின் அடியில் சதுப்பு நிலமாகக் கிடந்த பள்ளம் அது. ஆளுநர் சர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில், அங்கு ஓடிய நீரை மறித்து வாவியாக்கினர். பின்னாளில் அதன் நீர் மின்னாக்கத்துக்கும் பயன்பட்டது. அதன் அயலிலே குதிரைப் பந்தயத் திடல் இருக்கின்றது. அட்டன் பக்கம் சென்றால், 1960களில் எழுந்த காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் தேயிலைச் சரிவுகளின் நடுவே விரிந்து கிடக்கின்றன. மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. ஆகவே மலைநாட்டுக்கு நீர்ப்பரப்பில் குறைவில்லை. அதனைக் கரையிலிருந்து காண்போர் பலர். அதன்மேல் சென்று அறிந்தோர் சிலர்.

பாய்வள்ளம் என்று நான் குறிப்பிடுவது, ஒருவரோ இருவரோ செலுத்தத்தக்க, பத்து முதல் பதினைந்து அடி நீளமுள்ள, மேற்றளம் மூடாத இலேசான படகையே. படகுப் பந்தயம் நெடுங்காலம் செல்வந்தரின் விளையாட்டாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அந்நிலை மாறிற்று. நீரில் பிரியாத ஒட்டுப்பலகையும் வலிய பசையும் மலிவாகக் கிடைத்தன. தச்சுவேலையில் ஓரளவு பழக்கமுள்ள எவரும் தம் வீட்டுப் பின்புறத்தில் படகு கட்டலாம் என்றாயிற்று. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1949இல் ஜீ.பி. 14 என்ற வகையையும், 1956இல் என்டர்பிரைஸ் என்ற வகையையும் வரைந்தளித்தார். பின்னர் பாரி பக்னெல் என்பவரோடு சேர்ந்து மிரர் என்னும் வள்ளத்தை அமைத்தார். பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுவாய்களைப் பசையும் கண்ணாடியிழையும் இட்டு அடைத்துவிட்டால் அது படகாகிவிடும். அன்று அதன் விலை 63 பவுண் 11 சிலிங். சிவப்புப் பாய் கட்டிய அவ்வகை வள்ளங்கள் பல்லாயிரக் கணக்கில் உலகெங்கும் பரவின.

அதற்கும் முன்பே, 1947இல், அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்க்கென ஒப்டிமிஸ்ட் என்னும் வள்ளத்தை வரைந்திருந்தார். நீளம் எட்டடிக்குச் சிறிதே குறைவு, பாய் ஒன்றே, வடிவமோ மூக்கு மழுங்கிய ஒரு பெட்டி. எளிய குடும்பத்துப் பிள்ளையும் அதில் ஏற வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று ஒலிம்பிக் அரங்கில் பாய்விரிப்போர் பலர் தம் இளமையில் முதன்முதல் அமர்ந்தது இப்பெட்டியிலேதான். நம் இலங்கையிலும் மொறட்டுவையை அடுத்த பொல்கொட வாவி பாய்வள்ளப் பந்தயத்துக்குப் பெயர்பெற்றது. என்டர்பிரைஸ், ஜீ.பி. 14 ஆகிய வகைகள் அந்நீருக்குப் பழக்கமானவை.

காற்று வீசும் திசையிலே படகு செல்வதில் வியப்பில்லை. காற்றை எதிர்த்து முன்னேறுவது எவ்வாறு? நேர் எதிரே எந்தப் பாய்வள்ளமும் செல்லாது. ஆனால் காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாகச் செல்ல அதனால் இயலும். வளைந்த பாயின் இருபுறத்தும் காற்று ஓடும்போது, பறவையின் சிறகிற் போல ஓர் இழுவிசை பிறக்கின்றது. படகு பக்கவாட்டில் வழுகாதபடி, அடியிலே இறக்கிய ஒரு பலகை நீரைப் பற்றிக்கொள்கின்றது. இவ்விரண்டும் கூடி வள்ளத்தை முன்னே தள்ளுகின்றன. சிறிது தூரம் வலச்சாய்வாகவும், பின் திரும்பி இடச்சாய்வாகவும் சென்று, குறுக்கும் மறுக்குமாக ஏறி, காற்றின் வாயிலுக்கே போய்ச் சேரலாம். செங்குத்தான தேயிலை மலையில் பாதை வளைந்து வளைந்து ஏறுவதைக் கண்டவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

கடற்காற்று பெரும்பாலும் ஒரு திசையினின்று ஒரே சீராய் வருவது. மலையேரியின் காற்றோ அத்தகையதன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் குன்றுகளைத் தாவி அது முரட்டுத்தனமாக வீசும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மெலிந்து, திசை தெரியாமல் அலையும். ஒரு மரத்தொகுதியின் மறைவில் படகு அசையாது நிற்க, பத்துக் கஜம் அப்பால் மற்றொரு படகு சாய்ந்து விரையும். தெளிந்த செலுத்துநன் நீரின் மேற்பரப்பையே நூலாகப் படிக்கின்றான். எங்கே நீர் கறுத்துச் சிலிர்க்கின்றதோ அங்கே காற்று இறங்குகின்றது. எங்கே கண்ணாடிபோல் ஒளிர்கின்றதோ அங்கே செல்லலாகாது. வலிமையுள்ளவனும் இங்கே ஏமாறுவான். பொறுமையுள்ள பன்னிரண்டு வயதுச் சிறுமி அவனை முந்துவாள்.

பந்தயம் தொடங்கும் முறை காண்க. குதிரைகளைப் போலப் படகுகளை வரிசையாக நிறுத்த முடியாது. ஆதலால் காற்றுக்குக் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு வகுப்பர். ஐந்து நிமிடம் முன்னரே கொடியேறும், ஒலியெழும். நான்காம் நிமிடத்திலும் ஒரு நிமிடம் எஞ்சியிருக்கும்போதும் மீண்டும் அடையாளம் காட்டுவர். படகுகள் கோட்டின் பின்னே சுழன்று திரிந்து, இறுதி ஒலி எழும் கணத்திலே அதனைக் கடக்க முயலும். முந்திக் கடந்தவன் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். பின்னர், மிதவைகளைக் குறித்த ஒழுங்கிலே சுற்றிவருதல் வேண்டும்.

இனி நான் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகின்றேன். பல விளையாட்டுகளில் நடுவர் ஒருவர் ஊதுகுழலோடு உடன் ஓடுவார். வார இறுதிக் கழகப் பந்தயத்தில் படகுக்குப் படகு நடுவர் இல்லை. எதிரெதிரே வரும் இரு வள்ளங்களில், இடப்புறத்திலிருந்து காற்று வாங்கும் வள்ளமே விலக வேண்டும் என்பது போன்ற விதிகள் உண்டு. விலகத் தவறியவன் யாது செய்ய வேண்டும்? அவனே பிற படகுகளை விட்டு ஒதுங்கி, இருமுறை முழுவட்டமாகத் தன் வள்ளத்தைச் சுழற்ற வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒருமுறை சுழல வேண்டும். அதற்குள் நான்கைந்து படகுகள் கடந்து போய்விடும். குற்றம் செய்தவனே தன் குற்றத்தை அறிவித்து, தண்டனையையும் தானே நிறைவேற்றிக்கொள்கின்றான். மறுப்பவன்மீது கரையில் முறையீடு செய்யலாம். கழகத்தார் கேட்டுத் தீர்ப்பளிப்பர். ஆயினும் இவ்விளையாட்டின் அடித்தளம் தீர்ப்பு மன்றமன்று. மூடுபனியில் எவர் கண்ணும் படாத ஏரியின் மறுகோடியில் மிதவையைத் தொட்டவன், அங்கே தனியே சுழன்று வருகின்றானே, அந்த நேர்மைதான் அடித்தளம்.

மற்றொரு விதி இதனினும் உயர்ந்தது. ஆபத்திலுள்ள எவர்க்கும் இயன்ற உதவியை எல்லாப் படகினரும் செய்தல் வேண்டும் என்பது பாய்வள்ளப் பந்தய விதிகளின் முதல் விதி. முன்னணியில் செல்பவன் கவிழ்ந்த வள்ளத்தாரைக் காணின், வெற்றியை மறந்து அவரிடம் திரும்ப வேண்டும். அங்ஙனம் உதவி, அதனால் தன் இடத்தை இழந்தவனுக்குக் கழகத்தார் உரிய ஈடு அளிக்கவும் விதி இடந்தருகின்றது. அறம் செய்தவன் அதனால் கெட்டான் என்னும் பழி விளையாட்டுக்கு வரலாகாது என்று எண்ணியவர் வகுத்த விதி இது.

வகைவகையான வள்ளங்கள் ஒன்றாய் ஓடினால் நீதி எங்ஙனம் கிட்டும்? இங்கிலாந்தில் ஒவ்வொரு வகைக்கும் அதன் விரைவுக்கேற்ப ஓர் எண் வகுத்துள்ளனர். எடுத்த நேரத்தை அவ்வெண்ணால் திருத்திக் கணக்கிடும்போது, பழைய மரப்படகில் வந்தவனும் புதிய படகினனை வெல்லலாம். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. மொத்தத்தில் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். பருவம் முடிகையில், மிக மோசமான சில நாள்களின் புள்ளிகளை நீக்கிவிடுவதும் வழக்கம். ஒருநாள் சறுக்கியவனைக் கணக்கு மன்னிக்கின்றது. வாரந்தோறும் வந்தவனை உயர்த்துகின்றது. மேலும், கழக உறுப்பினர் ஒவ்வொருவரும் முறைவைத்துத் தம் பந்தயத்தைத் துறந்து, நேரம் குறிக்கவும், மீட்புப் படகில் காத்திருக்கவும் கடமைப்பட்டவர். குளிரில் ஒருவன் ஈரம் சொட்டக் காத்திருப்பதால்தான் ஏனையோர் அச்சமின்றி விளையாடுகின்றனர்.

இஃது அந்நியர் விளையாட்டு என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. வெண்ணிக்குயத்தியார் என்னும் சங்கப் புலவர், கரிகாற் சோழனின் முன்னோரைக் காற்றைத் தம் தொழிலுக்கு ஆட்படுத்திக் கலம் செலுத்தியவராகப் பாடினார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு பெருங்கடல்களைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. நம் காலத்திலும், சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021இல் தோக்கியோவில் போட்டியிட்டார். அங்கே சென்னையின் கணபதி, வருண் தக்கர் இருவரும், வேலூரின் விஷ்ணு சரவணனும் உடன் பாய்விரித்தனர்.

அவர்கள் கடற்கரையில் பழகினர்; நம் பிள்ளைகளுக்கு வாவி அருகிலேயே இருக்கின்றது. காடாய்க் கிடந்த மலையைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்களின் சந்ததியார் அவர்கள். லயத்து வாசலில் நின்று பார்த்தால் நீர்ப்பரப்பு தெரியும் தோட்டங்கள் பல. அந்நீர் அவர்களுக்குக் காட்சிப்பொருளாக மட்டும் இருத்தல் முறையாகாது. இன்று கிரகரி வாவியில் மிதிபடகுகளும் இயந்திரப் படகுகளும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் திரிகின்றன. அவற்றிடையே ஒரு மூலையைக் காலை வேளையில் ஒதுக்கி, பத்து ஒப்டிமிஸ்ட் வள்ளங்களை மிதக்கவிடுவது பெருஞ்செலவு வேண்டும் காரியமன்று. எரிபொருள் வேண்டாம், காற்றுக்கு எவரும் வரி கேட்பதில்லை.

ஆனால் வரிசை மாறலாகாது. முதலில் நீச்சல், அடுத்து உயிர்காப்பு அங்கி, அதன் பின்னரே பாய். மலையேரியின் நீர் குளிர்ந்தது. கவிழ்ந்தவனின் கைகால் விரைவில் விறைத்துவிடும். மீட்புப் படகு இல்லாத நாளில் ஒரு வள்ளமும் இறங்கலாகாது. பிற்பகல் இடி முழங்கும் பருவத்தில், உயர்ந்த பாய்மரம் மின்னலை அழைக்கும் கம்பமாகிவிடும். ஆகவே முற்பகலிலேயே ஆட்டத்தை முடித்துக் கரையேறல் வேண்டும்.

இதில் வாவிக்கும் நன்மை உண்டு. சரிவுகளில் நடக்கும் பயிர்ச்செய்கையால் அரித்து வரும் மண்ணும், நகரத்துக் கழிவும் கிரகரி வாவியை நெடுங்காலமாக நலிவித்து வந்துள்ளன. தூர்வாரலும் கரைச் சீரமைப்பும் நடந்தன. எனினும் ஓராண்டு தூர்வாரினால் மறுமழையில் மண் மீண்டும் இறங்கும். வாரந்தோறும் வாவியின்மேல் செல்பவனே, ஆழம் குறைந்ததையும், பாசி படர்ந்ததையும், சென்ற கிழமை இல்லாத குப்பை இன்று மிதப்பதையும் முதலில் அறிவான். நாட்டின் எந்த நீர்நிலையையும் காக்கச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தை நினைவூட்ட அந்நீரோடு பழகிய கண்களும் வேண்டும்.

நேயர்களே, கரையில் கூட்டம் இல்லாத கூதிர்காலத்தில், பனியின் நடுவே மிதவையைத் தொட்டுவிட்டு, கண்டவர் ஒருவரும் இல்லையென அறிந்தும், தன் சிறு வள்ளத்தைச் சுழற்றித் தண்டனையை ஏற்கும் ஒரு தோட்டத்துச் சிறுவனையோ சிறுமியையோ எண்ணிப் பாருங்கள். அப்பிள்ளை அன்று கடைசியாக வந்தாலும் ஆகட்டும். நாளை அப்பிள்ளையின் கையில் நாம் எதனையும் நம்பி ஒப்படைக்கலாம். அத்தகைய பிள்ளைகளை ஆக்கித் தரவல்ல நீர் நம் மலைகளில் தேங்கி நிற்கின்றது, காற்றும் வீசுகின்றது. வள்ளத்தை இறக்கித் தருவது பெரியோர் கடமை.