காலைக் காட்டுங்க தம்பி

(முன்னாள் மாணவர் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இஞ்சினியர்தானே, தொழில்நுட்பம் பத்தி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். நான் நாட்டியத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தொழில்நுட்பம் நடுவில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம் காட்சித் தொடர்பியல் துறையில் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. நடனத்தை வைத்து ஒரு குறும்படம் எடுக்கணும், அதை அரங்கத்தில் போட்டுக் காட்டணும், அதற்குத்தான் மார்க். ஒலிப்பதிவுக்குக் கொஞ்சம் உதவி பண்ணச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அந்தச் சாக்கில் இந்தப் பருவத்தில் பல சனி, ஞாயிறுகள் அவர்களோடு அலைந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடனத்தைப் பதிவு செய்வது வேறு, நடனப் படம் வேறு. அரங்கேற்ற வீடியோ எல்லோர் வீட்டிலும் இருக்கும். கேமராவைப் பின்னால் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருப்பார்கள். முன் வரிசை மாமாவின் தலை மூன்று மணி நேரமும் ஓரத்தில் தெரியும். அது பதிவு. அதை நான் குறை சொல்லவில்லை, தாத்தா பாட்டிக்கு அதுதான் வேணும். நடனப் படத்தில் கேமராவும் ஆட்டத்தில் ஒரு ஆள். எங்கே நிற்கணும், எப்போது கிட்டே போகணும், எப்போது ஒதுங்கணும் என்று அதற்கும் தாளம் தெரிந்திருக்கணும்.

ஆட்டத்தைப் படமாக்குவது நம்ம ஊருக்குப் புதிதல்ல. நடராஜருக்கு ஐந்து சபைகள் என்று சொல்வார்கள். அதில் இரண்டு இந்த ஆற்றுப் படுகையிலேயே இருக்கின்றன. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை. குற்றாலத்தில் சித்திர சபை. குற்றாலம் 2019 முதல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆனால் சிற்றாறு இன்னும் நம்ம தாமிரபரணியில்தான் வந்து சேருகிறது! சித்திர சபையில் சாமி விக்கிரகமாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். ஆட்டத்தை ஒரு சட்டத்துக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

படிக்கிற பிள்ளைகளும் நாட்டியமும் கேமராவும் ஒன்றுசேர்ந்த கதை என்றால் நம் நாட்டில் உதயசங்கரின் 'கல்பனா'வைத்தான் சொல்லணும். இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் அவர் ஒரு கலை மையம் நடத்தினார். அலாவுதீன் கான் இசை கற்பித்தார், சங்கரன் நம்பூதிரி கதகளி, நம்ம கந்தப்பப் பிள்ளை பரதம். பின்னாளில் 'பியாசா' எடுத்த குருதத்தும் அங்கே மாணவர். பணமுடையில் மையம் 1944இல் மூடப்பட்டது. உதயசங்கர் அந்தக் கனவையே கதையாக்கி, சென்னை ஜெமினி ஸ்டுடியோவுக்கு வந்து படமெடுத்தார். ஒளிப்பதிவு கே. ராம்நாத். 1948இல் படம் வெளிவந்தது. நாட்டியப் பேரொளி பத்மினி திரையில் முதலில் ஆடியது இந்தப் படத்தில்தான். அதே ஆண்டு, அதே ஸ்டுடியோவிலிருந்து 'சந்திரலேகா' வந்து, அதன் முரசு நடனத்தை நாடே பார்த்தது. 'கல்பனா'வோ பணம் பார்க்கவில்லை. வெகு காலம் பார்க்கவே கிடைக்காத படமாக இருந்தது. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்த பிரதியை வைத்துப் புதுப்பித்து 2012இல் கான் விழாவில் திரையிட்டார்கள். அதில் கதாநாயகியாக ஆடிய அமலா சங்கர் தொண்ணூறைத் தாண்டிய வயதில் போய் அதைப் பார்த்தார். அந்தப் பிரதி புனேயில் இல்லாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

அந்தக் கந்தப்பப் பிள்ளைதான் பாலசரஸ்வதிக்கும் குரு. பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ரே 1976இல் 'பாலா' எடுத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் கடற்கரையில் ஒரு ஆட்டம் வரும். காற்று புடவையை அலைக்கழிக்கிறது. காற்று அபிநயத்தைக் கெடுத்துவிட்டது என்பார் உண்டு. நம் வகுப்பில் இதை வைத்து ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. என் கட்சி, முகமே போதும் என்கிற அபிநயத்துக்குக் கடல் எதற்கு என்பது. ஒரு மாணவி எழுந்து, "சார், அந்தக் காத்தையும் மீறி அவங்க கண்ணைத்தான பாக்கோம், அப்ப யாரு ஜெயிச்சா?" என்றாள். பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதே மாணவி எடுத்த படம் ஐந்து நிமிஷம் ஓடும். அமெரிக்காவில் மாயா டெரன் என்ற அம்மையார் 1945இல் ஒரு சின்னப் படம் எடுத்தார். ஆடுகிறவர் காட்டில் காலைத் தூக்குகிறார், வீட்டுக்குள் ஊன்றுகிறார். வெட்டு நடுவில் இருக்கிறது, அசைவு அறுபடவில்லை. இந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு தட்டடவுக்குக் காலைத் தூக்கவிட்டு, நம் கல்லூரி மொட்டை மாடியில் இறக்கினாள். ஈரக்கால் தூக்கி, காய்ந்த கால் இறங்கினால் ஏமாற்று தெரிந்துவிடும் என்று மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தாள். இதைத்தான் நான் பொறியியல் என்பேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். நான்கு பையன்கள் கணியான் கூத்தை எடுத்தார்கள். சீவலப்பேரிக்கு அந்தப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை. வெளியூரில் குடியேறிவிட்ட நம் நண்பர்களின் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அண்ணாவி கதை பாடுவார், உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம் அடிப்பார்கள், ஆண்கள் இரண்டு பேர் பெண் வேஷம் கட்டி, சலங்கையோடு சுழன்று சுழன்று ஆடுவார்கள். விடிய விடிய நடக்கும். கணியான் சமூகத்தார் மட்டுமே ஆடுகிற கலை. குழுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

முதலில் வெளிச்சம் தகராறு பண்ணியது. சீரியல் செட்டும் டியூப் லைட்டும் கரண்டின் ஐம்பது சுழற்சிக்கு ஏற்ப விநாடிக்கு நூறு முறை மினுங்கும். செல்போன் கேமரா அறுபதில் ஒரு பங்கு விநாடி திறந்து மூடினால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடும். ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று மாற்றி வைத்தால் போய்விடும். இது சுலபம்.

இரண்டாவதுதான் சிரமம். கூட்டம் அதிகம் என்று கேமராவும் மைக்கும் தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் இருந்தன. நடந்து அளந்தேன், முப்பத்தைந்து மீட்டர் சொச்சம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். ஆக மகுடத்தின் அடி பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதித்து வந்து சேரும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் இரண்டரை ஃபிரேம் பிந்தும். கால் தரையைத் தொட்டபிறகு சத்தம் வருகிறது. வசனத்தில் இவ்வளவு பிசகினால் பெரிதாகத் தெரியாது. மகுடத்தில் ஆட்டக்காரரே தாளம் தப்பி ஆடுகிற மாதிரி ஆகிவிடும். அவர் மேல் பழி! ஆகவே ஒரு சின்ன ரெக்கார்டரை அண்ணாவியின் காலடியில் வைத்தோம், ஒலியைப் பிறகு படத்தோடு பொருத்தினோம்.

நடுச்சாமத்துக்கு மேல் கைவெட்டு. ஆட்டக்காரர் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிற சடங்கு. "அது படத்துல வேண்டாம், அது சாமிக்கு உள்ளது" என்று அண்ணாவி முன்னாலேயே சொல்லியிருந்தார். பையன்களில் ஒருவனுக்கு மனசே இல்லை. அதுதான் படத்தின் உச்சம், அது இல்லாவிட்டால் அரைப்படம் என்றான். மற்ற மூவரும் அவனை மடக்கி, கேமராவைத் தரைப்பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நிமிஷமும் படத்தில் மண்ணும், விழுந்து கிடக்கிற பூவும், மகுடச் சத்தமும்தான். படத்திலேயே நல்ல இடம் அது என்பது என் கட்சி. அந்தப் பையன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மதிப்பெண் திரையிடலுக்கு முன்னால் குழுவினரிடம் காட்டிவிடுவோம் என்று துறைப் பேராசிரியர் சொன்னார். அவர்கள் ஊரில் ஒரு திண்ணைச் சுவரில் வேட்டியைக் கட்டிப் போட்டோம். பையன்கள் முகத்தை முகத்தைக் கிட்டத்தில் எடுத்திருந்தார்கள். மை, வியர்வை, கண், எல்லாம் அழகு. ஆட்டக்காரர் பொறுமையாகப் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி. என் காலை எங்க?"

யாரும் பேசவில்லை.

"மூஞ்சி வேஷம், யாரும் கட்டிக்கிடலாம். அம்பது வருஷமா நான் ஆடுதது காலுல. காலைக் காட்டுங்க தம்பி."

"சரி அண்ணாச்சி" என்றார்கள் பையன்கள். கையிலிருந்த காட்சிகளில் கால் தெரிந்தவை கொஞ்சம்தான். இன்னொரு கொடைக்குப் போய், அனுமதி கேட்டு, தரையோடு தரையாகப் படுத்து எடுத்துவந்தார்கள். இப்போது படம் சலங்கையில் ஆரம்பிக்கிறது. முகம் ஐந்தாவது நிமிஷத்தில்தான் வருகிறது. முகம் வரும்போது, இந்தக் காலுக்கு உரிய முகமா இது என்று நமக்கே ஒரு திடுக்கிடல். பாடத்திட்டத்தில் இல்லாத ஆசிரியர் அவர். எழுத்துப் பட்டியலில் 'நடன அமைப்பு' என்று அவர் பெயரும், 'இசை' என்று அண்ணாவி பெயரும் முதலில் வருகின்றன. இயக்கிய பையன்களின் பெயர் அதற்குக் கீழே. இதே கூத்தின் துண்டு துணுக்குகள் செல்போனில் பெயரே இல்லாமல் சுற்றிவருகின்றன என்பதையும் பார்த்துக்கிடுங்க.

சரி, இப்போது புனேப் பிரதிக்கு வருகிறேன். முந்தைய ஆண்டுகளில் இதே பாடத்தில் எடுத்த படங்கள் எங்கே என்று துறையில் கேட்டேன். சில பென்டிரைவ்கள் இருக்கின்றன, பாதி திறக்கவில்லை. மீதி, பிள்ளைகளோடு போய்விட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒருவர் வீட்டுக் கணினியோடு இரண்டு படம் போனது. மார்க் வந்ததும் படமும் போயிருது. பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழு நடத்திய பேராசிரியர் நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்ததால்தான் இன்று நமக்கு அவை வாசிக்கக் கிடைக்கின்றன. எழுத்துக்கு அவர் செய்ததை ஆட்டத்துக்கு யாராவது செய்யணும் இல்லீங்களா?

சங்கத்திடம் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி: ஒன்று நம் நூலகத்தில், ஒன்று வெளியூரில் ஒரு உறுப்பினர் பொறுப்பில், ஒன்று ஆடியவர்கள் கையில். டிஸ்க்குகளை ஆண்டுக்கு ஒரு முறை போட்டுப் பார்த்து, பழசானதை மாற்றணும். அந்த வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆட்டக்காரர்களுக்கு ஒரு நாள் சம்பளமாவது பாடத்தின் செலவில் சேரணும். இதுவரை பிள்ளைகள் கைக்காசு போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

திரையிடல் அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஆறரைக்கு, இதே அரங்கத்தில். கூத்துக் குழுவினர் ஏழு பேரும் வருகிறார்கள். முன் வரிசை அவர்களுக்கு. முன்னாள் மாணவர்கள் தயவுசெய்து இரண்டாம் வரிசையிலிருந்து உட்காருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர்கள் ஊருக்கு பஸ் கிடையாது. வேன் வைத்திருக்கிற நண்பர் யாராவது போகுமுன் பொருளாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போனால் நல்லது.