கறைப் பல்லும் ‘வெனீர்’ சிகிச்சையும்

(தருமபுரி மாவட்டத்தில் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, வசூல், வங்கிக் கடன் என்று பேசுகிற இடத்தில் இன்றைக்குப் பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க. காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளாகக் குழுக் கூட்டங்களுக்கு வரும்போது தீர்மான நோட்டைப் புரட்டினால், கடன் கேட்கும் காரணம் என்ற இடத்தில் ‘மகள் பல் சிகிச்சை’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். விசாரித்தால் பல் வலி இல்லை, சொத்தையும் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் முன்பல் ஆறுக்கும் கவர் போட வேண்டும் என்கிறார்கள். எந்தக் கவர், எதனால் செய்தது, எத்தனை வருஷம் வரும் என்று கேட்டால் பதில் இல்லை. “டாக்டர் சொன்னாருங்க மேடம்” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் இன்று இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். பல் அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவது தப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிய பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய. அந்தக் கஷ்டம் கஷ்டம்தான். ஆனால் மாப்பிள்ளைப் பையனும் இதே போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தானே, அவன் பல்லை யார் பார்த்தார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. அது இருக்கட்டும்.

நம் பக்கத்தில் பல் மஞ்சளாக, காப்பிக் கொட்டை நிறமாக, சில பேருக்குச் சுண்ணாம்புத் திட்டாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு. பாறையிலிருந்து கரைந்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சேருகிறது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் உள்ள தண்ணீரைச் சின்ன வயதில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் மேல்பூச்சு, அதாவது எனாமல், சரியாக இறுகாமல் போகிறது. பிறந்ததிலிருந்து சுமார் 8 வயது வரைதான் இது நடக்கும். முளைத்து முடிந்த பல்லில் புதிதாக இந்தக் கறை பிடிக்காது. ஆகவே இது பல் தேய்க்காத அழுக்கு அல்ல, யாருடைய சோம்பேறித்தனமும் அல்ல. பழைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கம் இந்தப் பாதிப்பை மருத்துவர்கள் கண்டறிந்து எழுதியதே 1937-ல். தமிழ்நாட்டு அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் முதன்முதல் தொடங்கியது தருமபுரியில். குழுவுக்கும் நாமதான் முன்னோடி, கறைப் பல்லுக்கும் நாமதான் பேர் போனவர்கள்.

இப்போது வெனீர் என்றால் என்ன என்று பார்ப்போம். தச்சுப் பட்டறைக்குப் போனவர்களுக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்கும். சாதாரணப் பலகை மேல் மெல்லிய தேக்குத் தகடு ஒட்டுவார்களே, அதற்குப் பெயர் வெனீர். பல்லுக்கும் அதேதான். பல்லின் முன்பக்கத்தில் மட்டும், பல் நிறத்தில் உள்ள மெல்லிய ஓடு ஒன்றை ஒட்டுவது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், 1928 வாக்கில் சினிமா நடிகர்களுக்காக இதைச் செய்து பார்த்தார். அப்போது படப்பிடிப்பு முடிந்ததும் கழன்றுவிடும். பல்லை லேசான அமிலத்தால் சொரசொரப்பாக்கிப் பிடிக்க வைக்கும் முறையை 1955-ல் கண்டுபிடித்தார்கள். பீங்கான் ஓட்டையும் அதே மாதிரி ஒட்டலாம் என்பது 1980-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகுதான் வெனீர் வருஷக்கணக்கில் நிற்க ஆரம்பித்தது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காம்போசிட். பிசின் மாதிரியான பொருளை டாக்டரே பல்லின் மேல் அடுக்கடுக்காகப் பூசி, நீல விளக்கு காட்டி இறுக வைப்பார். சுவருக்குப் பட்டி பார்ப்பது மாதிரி. பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடியும். செலவு குறைவு. மூலை உடைந்தால் அங்கேயே பூசிச் சரிசெய்யலாம். ஆனால் டீ, வெற்றிலைக் கறை ஏறும். சுமார் 5 முதல் 7 வருஷம் உழைக்கும். இன்னொன்று பீங்கான், செராமிக் என்பார்கள். பல்லை அளவு எடுத்து லேபுக்கு அனுப்பி, ஓடு செய்து வரவழைத்து ஒட்டுவார்கள். இரண்டு மூன்று தடவை போக வேண்டும். நிறம் மங்காது, பார்க்க நிஜப் பல் போலவே இருக்கும். 10 முதல் 15 வருஷம், கவனமாக இருந்தால் அதற்கு மேலும் வரும். விலை பல மடங்கு.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். ஓடு ஒட்ட இடம் வேண்டுமே, அதற்காகப் பல்லின் முன்பக்கத்தைச் சீவுவார்கள். பீங்கானுக்குப் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவு, கூடக் குறைய இருக்கலாம். நம் கை நகத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதானா என்று தோன்றும். நகம் வெட்டினால் வளரும், எனாமல் வளராது. நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான், ஆனால் போனது போனதுதான். சீவிய பல்லுக்கு ஆயுசு முழுக்க ஏதாவது ஒரு மூடி வேண்டும். 22 வயதில் போட்டால் 35 வயதில் மாற்ற வேண்டி வரலாம், 50 வயதில் மறுபடியும். ஒரு தடவைச் செலவு என்று நினைத்துக் கடன் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

‘கேப்’ என்பது வேறு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேப் போடப் பல்லைச் சுற்றிலும் அறுத்து ஆணி மாதிரி ஆக்குவார்கள். முன்பல்லில் வெளியே தெரியும் பகுதியில் பாதிக்கு மேல் போய்விடும். வெனீருக்கு அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்குக்குள்தான். நம் ஊர்ப் பேச்சில் இரண்டையும் ‘கவர்’ என்றே சொல்கிறோம். உடையாத, சொத்தையில்லாத பல்லுக்கு, கறைக்காக மட்டும் கேப் போடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு ஒரு டாக்டரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

சரி, எல்லாக் கறைக்கும் வெனீர்தான் வழியா? இல்லவே இல்லை. லேசான மஞ்சள், வெள்ளைத் திட்டு என்றால் முதலில் பல் சுத்தம் செய்து பார்க்கலாம். கறை பாதி வெளியே படிந்ததாகக்கூட இருக்கும். அடுத்து மைக்ரோ அப்ரேஷன் என்று ஒன்று உண்டு. டாக்டர் பசை மாதிரி மருந்து வைத்து மேலாக ஒரு நூலிழை அளவு மட்டும் தேய்த்து எடுப்பார். அதோடு ப்ளீச்சிங்கும் சேர்த்துச் செய்தால் லேசான, நடுத்தரக் கறைகள் பலருக்கு நன்றாக மங்கிவிடும். அதிலும் போகாத கறைக்கு, குழி விழுந்த பல்லுக்கு, காம்போசிட். அதற்கும் மசியாத கறும்பழுப்புக்குத்தான் பீங்கான் வெனீர். ஏணியில் கீழ்ப்படியிலிருந்து ஏறுங்கள். மேல்படியில் நிற்கும்போது கீழே இறங்க முடியாத ஏணி இது.

ஃப்ளோரைடு கறை கடுமையாக இருக்கும் பல்லில் எனாமல் மாவு மாதிரி இருக்கும். பசை பிடிப்பது சிரமம், அதற்கென்று கூடுதல் பக்குவம் செய்ய வேண்டும். இந்த மாவட்டப் பல்லைப் பார்த்துப் பழகிய டாக்டராக இருந்தால் நல்லது என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: “ஏங்க மேடம், அடுப்புக்கரியும் உப்பும் போட்டுத் தேச்சா போகாதா? செங்கல் பொடி போட்டா வெளுக்கும்னு எங்க மாமியா சொல்லும்.” போகாது அக்கா. இந்தக் கறை எனாமலுக்கு உள்ளேயே இருப்பது. கரி, செங்கல் பொடி எல்லாம் நல்ல எனாமலையும் சேர்த்து அரைத்துவிடும். எலுமிச்சம்பழம் தேய்ப்பது அதைவிட மோசம், அமிலம் பல்லைக் கரைக்கும். பிறகு தண்ணீர் பட்டாலே கூசும்.

இன்னொரு தங்கை, துருத்திய பல்லுக்கு வெனீர் போடலாமா என்று கேட்டாள். சின்ன இடைவெளியை மூடலாம், லேசாக வளைந்ததை மறைக்கலாம். நன்றாகத் துருத்திய பல்லுக்குக் கம்பி போடுவதுதான் முறை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும் என்று அலுத்துக்கொண்டு நல்ல பல்லைச் சீவக் கூடாது. அதே போல 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பீங்கான் வெனீர் அவசரப்பட வேண்டாம். அந்த வயதில் பல்லுக்குள் நரம்புக் குழி பெரிதாக இருக்கும், ஈறும் நிலைத்திருக்காது. சீவும்போது நரம்பைத் தொட்டால் வேர் சிகிச்சை வரை போக வேண்டி வரும்.

வெனீர் போட்ட பிறகு எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். கரும்பை முன்பல்லால் உரிக்கக் கூடாது. சோடா மூடி திறப்பது, நூல் கடிப்பது, பூக்கட்டும்போது நாரைப் பல்லில் இழுப்பது எல்லாம் நிறுத்த வேண்டும். முறுக்கு, கடலை உருண்டை, கோழி எலும்பு முன்பல்லால் கடிக்க வேண்டாம், கடைவாய்க்குத் தள்ளுங்கள். தூக்கத்தில் பல் நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஓட்டுக்கு அடியில் இருப்பது நம் பல்தான். ஓரத்தில் சொத்தை பிடிக்கும், ஈறு வீங்கும். இரண்டு வேளை தேய்ப்பதை விட முடியாது. புகையிலை, ஹான்ஸ் போடுகிறவர்கள் வெனீரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதை விட வேண்டும். அது பல்லுக்காக மட்டும் இல்லை, வாய்ப் புற்றுநோய்க்காக.

இனி கடன் கணக்கு. ஒரு பல்லுக்கு 8,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 6 பல்லுக்கு 48,000. குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில் 24 மாதத் தவணை என்றால், மாதம் அசல் 2,000, முதல் மாத வட்டி 480, அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து மொத்த வட்டி 6,000. ஆக 54,000. வெளியில் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால், அசல் குறைந்தபடி கணக்குப் போட்டாலே வட்டி 18,000. வெளியில் அப்படிக் குறைத்துக் கணக்குப் போடுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மாட்டின் விலையை வாயில் வைக்கப் போகிறோம். வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து வைக்க வேண்டும். நிச்சயதார்த்தத் தேதியை வைத்துப் பல்லைச் சீவும் நாளை முடிவு செய்யாதீர்கள்.

எனவே கடன் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டு வாருங்கள். என் பல்லுக்குச் சீவாமல் செய்ய வழி உண்டா? எத்தனை பல், எவ்வளவு சீவுவீர்கள்? காம்போசிட்டா, பீங்கானா? உடைந்தால் அல்லது கழன்றால் யார் செலவு? ஒரே பல்லில் முதலில் செய்து காட்ட முடியுமா? இப்படிக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். செலவை எழுத்தில் வாங்குங்கள், பில்லில் பொருளின் பெயர் இருக்கட்டும். பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். படித்து, பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவரா என்று பலகையில் பாருங்கள். திருவிழாவில் பாய் விரித்துப் பல் கட்டுகிறவரிடமும், பார்லரில் ஓடு ஒட்டுகிறோம் என்பவரிடமும் போகவே கூடாது. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள். நேரம் அதிகம் ஆகும், கட்டணம் குறைவு. பஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கடைசியாகக் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தாய் கேட்டதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. “எம் பல்லு போனது போகட்டும், இவளுக்கு வராம பாத்துக்க முடியுமா?” முடியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் தண்ணீர் தர ஆரம்பித்தது இந்தக் கறைக்காகவும்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்த திட்டம். ஆற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு குறைவு. குழாயில் அது வராத நாளில் பக்கத்து போர் தண்ணீரைப் பிடித்துச் சோறாக்கி, கஞ்சி காய்ச்சிக் குழந்தைக்கு ஊட்டுகிறோம். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் சமையலுக்கும் குழந்தைக்கும் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். மழைத் தண்ணீர் சுத்தமாகச் சேமித்தாலும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் ஃப்ளோரைடைக் குறைக்கும், அதைப் பராமரித்தால். பற்பசையில் ஃப்ளோரைடு இருக்கிறதே என்று பயந்து நிறுத்த வேண்டாம். மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு, துப்பப் பழக்குங்கள், அது போதும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தங்கள் தெரு போர் தண்ணீரை ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டு வாருங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். ஊர், தெரு, கிணறு யாருடையது, பிடித்த தேதி எழுதி ஒட்டுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, முடிவை அந்தந்தக் குழுவின் தீர்மான நோட்டிலேயே எழுதித் தருகிறோம்.