வான்வழித் தொலைவும் வீட்டு வாசலும்



2021 ஜனவரியில் ஏர் இந்தியா, ஹைதராபாத்திலிருந்து சிகாகோவுக்கு இடையில் நில்லாமல் பறக்கும் விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. அச்செய்தியை நான் வாசித்தபோது, என்னுடன் வசிக்கும் என் தாயார், "அன்றைக்கு இது இருந்திருந்தால் உன் தம்பி வந்து சேர்ந்திருப்பானா?" என்று கேட்டார். தம்பி இருப்பது சிகாகோவில். "அன்றைக்கு" என்றது, சில ஆண்டுகளுக்கு முன் தந்தையார் காலமான நாளை.

விடை கூறுமுன் தொலைவைப் பார்ப்போம் என்று தேசப்படத்தை விரித்தேன். அரபிக் கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கு நோக்கி விரலை ஓட்டினேன். அது பிழை. உருண்டையான பூமியைத் தட்டையான படம் உள்ளபடி காட்டுவதில்லை. பூகோள உருண்டையொன்றின் மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுகப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறும். மத்திய ஆசியாவையும் ரஷ்யாவையும் தாண்டும். ஆர்க்டிக் சமுத்திரத்தையும் கிரீன்லாந்தையும் கடந்து கனடாவின் வழியே இறங்கும். இதனைப் பெருவட்டப் பாதை என்பர். இதன் நீளம் சுமார் 13,300 கிலோமீட்டர். இதனினும் குறுகிய வழி வானில் இல்லை. ஆயினும் காற்றின் வேகம், நாடுகளின் வான்வெளி அனுமதி, ஆபத்தில் இறங்குதற்கான நிலையங்கள் ஆகியவற்றை முன்னிட்டு விமானம் அந்நூலைவிட்டு விலகியே பறக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். எங்கள் கிராமம் கும்பகோணத்தை அடுத்தது. தந்தையார் மறைந்த செய்தி இரவில் வந்தது. விடியற்காலை விமானத்தில் சென்னைக்குப் புறப்பட்டேன். நேர்த்தொலைவு சுமார் 510 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகம். ஆனால் அங்கிருந்து கார் கிராமத்தை அடைய ஏழு மணி நேரமாயிற்று. எனக்காகக் காத்திருந்தார்கள். தம்பியோ, வருவதற்கு ஒன்றரை நாளாகும் என்று கணக்கிட்டு, "காத்திருக்க வேண்டாம்" என்று தானே சொல்லிவிட்டான்.

பின்னரே ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. ஹைதராபாத்திலிருந்து திருச்சிக்கு வான்வழித் தொலைவு சுமார் 720 கிலோமீட்டர். சென்னையைவிட 210 கிலோமீட்டர் அதிகம். விமானத்திற்கு அது இருபது நிமிஷம். ஆனால் திருச்சியிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரே. வானில் தூரமான நிலையமே எங்கள் வீட்டுக்குக் கிட்டியது!

ஆகவே, வெளிமாநிலத்தில் வாழும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள விமான நிலையம் எது, அங்கே எந்தெந்த நாளில் விமானம் உண்டு, அங்கிருந்து வீட்டு வாசலுக்கு எத்தனை மணி நேரம் என்பவற்றை அமைதியான ஒரு நாளிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய நேரத்தில் கணக்கு வராது.

தாயாருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "மறுநாள் வந்திருப்பான், அம்மா." சற்று நேரம் பேசாதிருந்த அவர், "ஒரு நாள்தானே, காத்திருந்திருப்போம்" என்றார்.